பின்னால இடிச்சது அவர், காசு கட்டுறது நாமா?

வீதியில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாகனத்தில் இன்னொரு வாகனம் பின்னாலிருந்து வந்து இடித்தால் யாரில் பிழை? நானாட்டான் சந்தியில் நிற்கிற பத்து வயதுப் பொடியனிடம் கேட்டாலும் சரியாகச் சொல்லுவான்: "பின்னால வந்தவர்தான் இடைவெளி விட்டு வந்திருக்கோணும்." அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அப்ப சேதத்துக்குக் காசு யார் கட்டுறது? இங்கேதான் பெரியவர்களே தடுமாறுவார்கள்.

தடுமாறிவிட்டு மூன்று புத்திமதி சொல்லுவார்கள். ஒன்று, "சின்ன இடிதானே, பாவம், விடு தம்பி." இரண்டு, "நம்ம ஆக்கள்தானே, கதைச்சு முடிப்பம்." மூன்று, "உன்ர இன்சூரன்ஸில அடி, ஏன் வீண் கரைச்சல்?" மூன்றையும் சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மூன்றுக்கும் முடிவு ஒன்றுதான். இடித்தவர் வீட்டுக்குப் போய்விடுவார், இடி வாங்கினவர் காசு தேடி அலைவார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நம்ம ஆச்சிமார் சொல்வது இதைத்தான்.

இந்த மூன்று புத்திமதியும் பிழை என்பதே எங்கள் வாதம். பிழை எங்கே இருக்கிறது, அதற்குப் பின்னால் என்ன ஏற்பாடு இருக்கிறது, என்ன மாற வேணும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீதி நல்லாயிற்று, இடைவெளி குறைஞ்சுபோச்சு

மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் ஏ14 வீதியில் முருங்கனிலும் உயிலங்குளத்திலும் ஒரு மணித்தியாலம் நின்று பாருங்கள். பஸ், டிப்பர், பட்டா லொறி, ஓட்டோ, மோட்டார் சைக்கிள், லாண்ட்மாஸ்டர், நெல் மூட்டை ஏற்றிய ட்ரக்டர் பெட்டி, இவற்றுக்கு நடுவில் கட்டாக்காலி மாடுகள். மணிக்கு 15 கிலோமீற்றரில் ஊர்கிற வாகனமும் 80இல் பறக்கிற வாகனமும் ஒரே கோட்டில் வருகின்றன. மடுத் திருவிழாக் காலத்திலும் திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரிக் காலத்திலும் வெளியூர் வாகனங்களும் சேர்ந்துவிடும். யுத்தம் முடிந்த பிறகு காப்பெட் போட்ட வீதி வந்தது. நல்லதுதான். வீதியோடு வேகமும் வந்தது. இடைவெளி விடுகிற பழக்கம் மட்டும் வரவில்லை.

கணக்கு எளிது. மணிக்கு 60 கிலோமீற்றர் என்றால் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 17 மீற்றர். முன்னால் போகிற வாகனத்தில் சிவப்பு லைட் எரிவதைக் கண்டு, மூளைக்கு விளங்கி, கால் பிரேக்கில் போக ஒரு செக்கன், ஒன்றரைச் செக்கன் போய்விடும். அதாவது பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே 17 முதல் 25 மீற்றர் ஓடியிருக்கும். வாகனம் நிற்க எடுக்கும் தூரம் அதற்கு மேல். நிறைய மணல் ஏற்றிய டிப்பருக்கு அது இன்னும் கூட. முன்னுக்குப் போகிற ஓட்டோவுக்கு 5 மீற்றர் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற ஒருவர் "திடீரெண்டு பிரேக் அடிச்சிட்டான்" என்று சொன்னால், அவர் சொல்வது தன்னுடைய பிழையைத்தான். முன்னால் போகிறவர் திடீரென்று நிற்கலாம். மாடு குறுக்கே வரலாம், பள்ளிக்கூடப் பிள்ளை ஓடி வரலாம். அதற்குத்தான் இடைவெளி.

ஆகவே இது விதி செய்த வேலை கிடையாது. ஒருவர் எடுத்த முடிவின் விளைவு. அந்த விளைவை யார் சுமப்பது என்பதுதான் கேள்வி.

"கதைச்சு முடிப்பம்"

இடி நடந்து பத்து நிமிடத்தில் ஆட்கள் கூடிவிடுவார்கள். டிப்பர்காரருக்கு ஃபோன் போகும். முதலாளி வருவார், இல்லாவிட்டால் முதலாளிக்குத் தெரிந்த ஒருவர் வருவார். அவர் நம்ம கோயில் சபையில் இருப்பார், கமக்கார அமைப்பில் இருப்பார், அல்லது தேர்தலுக்குத் தேர்தல் மேடையில் இருப்பார். "பொலிசுக்குப் போனா ரெண்டு பேருக்கும்தான் கரைச்சல்" என்பார். ஐயாயிரமோ பத்தாயிரமோ கையில் வைக்கப்படும். வாங்கியவர் சந்தோஷமாகவே போவார்.

மூன்றாம் நாள் கராஜில் பம்பரைக் கழற்றினால் உள்ளே சேசிஸ் வளைந்திருக்கும். நாலாம் நாள் கழுத்தைத் திருப்ப ஏலாமல் இருக்கும். பின்னாலிருந்து இடி வாங்கும்போது உடம்பு முன்னுக்குத் தள்ளப்பட, தலை ஒரு கணம் பிந்தி வருவதால் கழுத்துத் தசைகள் இழுபடும். அந்த நோ பல நேரம் அன்றைக்குத் தெரியாது, அடுத்த நாளோ அதற்கும் பிறகோதான் தெரியும். சேதம் எவ்வளவு என்று ஒன்றுமே தெரியாத நேரத்தில்தான் எங்களிடம் விலை பேசப்படுகிறது. மூடின பெட்டியை விற்கச் சொல்லுவது போல. பெட்டிக்குள் இருப்பது நம்ம பொருள், திறந்து பார்க்க மட்டும் விடமாட்டார்கள்.

பிறகு அவரைத் தேடிப் போனால், "அதுதான் அண்டைக்கே முடிஞ்சுதே" என்பார். பொலிஸில் பதிவு இல்லை. கையில் தாள் இல்லை. அன்றைக்குக் கூடி நின்ற ஆட்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஞாபகம் இல்லை.

கதைத்து முடிப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் நீதிமன்றம் ஏறுவது ஏழைகளுக்கு ஏலாத காரியம். அதனால்தான் 1988இல் 72ஆம் இலக்கச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகள் உருவாக்கப்பட்டன. அங்கே இரண்டு பக்கமும் இருந்து பேசும், உடன்பாடு எழுத்தில் வரும், கையொப்பம் இருக்கும். வீதியோரப் பஞ்சாயத்தில் இதில் ஒன்றுமே இல்லை. இருப்பது ஆள்பலம் மட்டும். டிப்பர் முதலாளியின் வாகனத்தில் ஓர் ஓட்டோக்காரர் பின்னால் போய் இடித்திருந்தால், அந்த முதலாளி "பாவம், விடு" என்று போயிருப்பாரா? இந்தக் கேள்விக்கு மனச்சாட்சியோடு பதில் சொன்னால், "கதைச்சு முடிப்பம்" என்பது யாருக்காகச் சொல்லப்படுகிறது என்று விளங்கும்.

"உன்ர இன்சூரன்ஸில அடி"

இந்தப் புத்திமதி கேட்க நியாயமாக இருக்கும். முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறோம், தவணை தவறாமல் கட்டுகிறோம், பிறகு அதை எடுக்கிறதில் என்ன பிழை? எடுப்பதில் பிழை இல்லை. ஆனால் அதற்கு என்ன விலை என்று ஒருத்தரும் சொல்வதில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். இலக்கங்கள் விளக்கத்துக்காக நாங்கள் எடுத்தவை. உங்கள் பத்திரத்தில் இருப்பதைப் போட்டு நீங்களே திரும்பச் செய்து பாருங்கள்.

கழிவு இல்லாமல் ஆண்டுக் கட்டணம் 60,000 ரூபா என்று வைப்போம். நாலைந்து வருடம் ஒரு கிளைமும் எடுக்காததால் 40 வீதம் நோ கிளைம் போனஸ் சேர்ந்திருக்கிறது. ஆகவே நீங்கள் கட்டுவது 36,000. இப்போது ஒருவர் பின்னால் இடிக்கிறார். திருத்தச் செலவு 45,000. உங்கள் பத்திரத்தின்படி முதல் 10,000 ரூபாவை நீங்களே ஏற்கவேணும். அதற்குப் பெயர் எக்ஸஸ். நிறுவனம் தருவது 35,000. அடுத்த வருடம் உங்கள் போனஸ் போய்விட்டால் கட்டணம் திரும்ப 60,000. ஒரே வருடத்தில் 24,000 கூட. எக்ஸஸையும் சேர்த்தால் உங்கள் பொக்கெற்றிலிருந்து போனது 34,000. போனஸ் திரும்பப் பழைய இடத்துக்கு ஏற இன்னும் சில வருடம் எடுக்கும், அந்த வருடங்களிலும் கூடக் கட்டவேணும். ஆக, 45,000 ரூபாச் சேதத்தில் பெரும்பகுதியை மெல்ல மெல்லக் கட்டி முடிப்பது நீங்கள்தான். இடித்தவர் கட்டியது பூச்சியம்.

ஓட்டோக்காரர் என்றால் இன்னொரு நட்டமும் உண்டு. கராஜில் வாகனம் நிற்கிற ஒரு கிழமைக்கு வருமானம் இல்லை. சாதாரண வாகனக் காப்புறுதி தகரத்தையும் கண்ணாடியையும்தான் பார்க்கும், அந்தக் கிழமையில் வீட்டில் உலை கொதித்ததா என்று பார்க்காது. லீசிங் தவணை நாள் மட்டும் தவறாமல் வந்து நிற்கும்.

சரி, உங்களுக்குப் பணம் தந்த நிறுவனம் அதை இடித்தவரிடமிருந்து அறவிட ஏலாதா? சட்டப்படி ஏலும். நட்டஈடு கொடுத்த நிறுவனம் உங்கள் இடத்தில் நின்று, பிழை செய்தவரிடமிருந்து அதைத் திருப்பிக் கேட்கலாம். உலகம் முழுக்கக் காப்புறுதித் துறையில் உள்ள கோட்பாடு இது. ஆனால் அதே துறையில் 'நொக் ஃபோர் நொக்' என்று இன்னொரு பழைய ஏற்பாடும் உண்டு. இரண்டு நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன: உன் வாடிக்கையாளருக்கு நீ கட்டு, என் வாடிக்கையாளருக்கு நான் கட்டுறேன், யாரில் பிழை என்று பார்த்து மினைக்கெட வேண்டாம். ஆயிரம் விபத்தைக் கூட்டிப் பார்த்தால் வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமமாக வரும், வழக்குச் செலவு மிச்சம். நிறுவனத்துக்கு இது புத்திசாலித்தனம். ஆனால் இடி வாங்கிய ஆளுக்கு ஆயிரம் விபத்து நடக்கவில்லை. ஒன்றுதான் நடந்தது. அந்த ஒன்றில் அவரில் பிழை இல்லை. நிறுவனங்களின் கொப்பியில் கணக்குச் சமப்படும்போது, நியாயம் மட்டும் எங்கேயோ கழிபட்டுப் போகிறது.

இதோடு இன்னொரு பொறியும் இருக்கிறது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபா விழுந்தபோது டொலர் 200இலிருந்து 360ஐத் தாண்டிப் போனது. பழைய வாகனங்களின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் எங்கேயோ போய்விட்டன. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் தொடங்கியது. இந்த இடைக்காலத்தில் பல பேர் பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது பழைய பெறுமதியையே எழுதினார்கள், கட்டணம் குறையும் என்று. குறைத்துக் காப்புறுதி செய்தால் நட்டஈட்டையும் அதே விகிதத்தில் குறைக்கிற விதி பத்திரத்தில் இருக்கலாம். 50 இலட்சம் பெறுமதியான காரை 30 இலட்சத்துக்கு எழுதியிருந்தால், 100 ரூபாச் சேதத்துக்கு 60 ரூபா. புதுப்பிக்கும் நேரத்தில் ஏஜென்ற் இதைச் சொன்னாரா? "குறைச்சுப் போட்டுத் தாறன்" என்றுதானே சொன்னார்!

தேர்ட் பார்ட்டி என்ற தாள்

முழுக் காப்புறுதி இருக்கிறவரின் கதையே இது என்றால், நம்ம ஊரில் மோட்டார் சைக்கிளிலும் பழைய ஓட்டோவிலும் போகிற பெரும்பாலான ஆட்களின் கதை என்ன? அவர்களிடம் இருப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும். வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் பிரதேச செயலகத்துக்குப் போகும்போது புகைப் பரிசோதனைத் தாளோடு சேர்த்துக் காட்டுகிற அந்தத் தாள்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இந்தக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. வீதியில் மற்றவருக்கு ஏற்படும் மரணத்துக்கும் காயத்துக்கும் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கவேணும் என்பதே அதன் அடிப்படை. வாகனச் சேதத்துக்கு எவ்வளவு என்பது இடித்தவரின் பத்திரத்தில் என்ன எல்லை எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் வாகனத்தின் சேதத்துக்கு உங்கள் தேர்ட் பார்ட்டித் தாள் ஒரு சதமும் தராது. நீங்கள் இடித்தால்தான் அது பேசும். நீங்கள் இடிபட்டால் நம்பியிருக்க வேண்டியது மற்றவரின் தாளை.

அந்த மற்றவரின் நிறுவனத்துக்குப் போனால் முதல் கேள்வி, "நீங்கள் எங்கட வாடிக்கையாளரா?" இல்லை. "அப்ப எங்கட வாடிக்கையாளர் வந்து அறிவிக்கட்டும், பிழையை ஏற்கட்டும், பிறகு பார்ப்பம்." வாடிக்கையாளர் ஏன் அறிவிப்பார்? அறிவித்தால் அவருடைய போனஸ் போய்விடும். ஃபோன் எடுத்தால் கட் பண்ணுவார். ஆக, இடி வாங்கினவருக்கு நட்டஈடு கிடைப்பது இடித்தவரின் நல்ல மனதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதே நேரத்தில், நல்ல மனதோடு நடப்பவருக்கு இந்த ஏற்பாடு தண்டனை கொடுக்கிறது. இதைவிடத் தலைகீழான ஒரு ஒழுங்கை வேணுமென்று உட்கார்ந்து யோசித்தாலும் செய்ய ஏலாது.

சட்டம் கைவிடவில்லை என்பது உண்மை. இலங்கையில் கவனயீனத்தால் வந்த நட்டத்துக்கு வழக்குப் போடுகிற உரிமை உரோம-டச்சுச் சட்டத்திலிருந்து வருகிறது. அக்குவிலிய வழக்கு என்று அதற்குப் பெயர். கிறிஸ்துவுக்கு முந்திய மூன்றாம் நூற்றாண்டு உரோமில், மற்றவனின் அடிமையையோ மாட்டையோ கொன்றவன் உடையவனுக்கு விலை கொடுக்கவேணும் என்று தொடங்கிய சட்டம் அது. 1658இல் மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர் கொண்டுவந்த சட்டப் பாரம்பரியத்தின் வழியாக நமக்கு வந்து சேர்ந்தது. பாலம் தாண்டினதும் தெரிகிற அந்தக் கோட்டைக்கும் உங்கள் நசுங்கின பம்பருக்கும் இப்படியொரு தொடர்பு உண்டு! இந்த வழக்கில் திருத்தச் செலவை மட்டும் கேட்கவேணும் என்றில்லை. இழந்த வருமானத்தையும் ஆதாரத்தோடு கேட்கலாம். சாரதி முதலாளியின் வேலையாகப் போய்க்கொண்டிருந்தால் முதலாளியையும் சேர்க்கலாம். ஆனால் 1871ஆம் ஆண்டுக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தொடுக்கவேணும். அது தாண்டினால் உரிமை போய்விடும்.

உரிமை இருக்கிறது. ஆனால் 45,000 ரூபாவுக்காக நானாட்டானிலிருந்து மன்னார் மாவட்ட நீதிமன்றத்துக்குத் தவணைக்குத் தவணை யார் போவது? ஒவ்வொரு தவணையும் ஒரு நாள் கூலி. இது நிறுவனங்களுக்கும் தெரியும், டிப்பர் முதலாளிக்கும் தெரியும். நாங்கள் களைத்துப்போவோம் என்பதுதான் அவர்களின் காப்புறுதி.

எந்த மொழியில் கையொப்பம் வைக்கிறோம்?

பத்திரம் ஆங்கிலத்தில் வருகிறது. ஏஜென்ற் தமிழில் விளக்குகிறார். அவர் விளக்கியதும் பத்திரத்தில் எழுதியிருப்பதும் ஒன்றா என்று பார்க்க ஊரில் எத்தனை பேரால் முடியும்? பிரச்சினை வரும்போது செல்லுபடியாவது எழுத்து. ஏஜென்ற் சொன்னது காற்றோடு போய்விடும்.

தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தம் சொன்னது. 1988இல் 16ஆம் திருத்தம் வடக்கில் நிர்வாக மொழி தமிழ் என்பதை உறுதிப்படுத்தியது. அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்ப்பது சலுகை கிடையாது, அரசியலமைப்பு தந்த உரிமை. பொலிஸ் நிலையத்துக்கும் இது பொருந்தும். முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். விளங்காத மொழியில் எழுதப்பட்டதில் விளக்கம் கேட்காமல் கையொப்பம் வைக்காதீர்கள். "பின்னால் வந்து இடித்தார்" என்று நீங்கள் சொன்னது "இரண்டு வாகனமும் மோதிக்கொண்டன" என்று எழுதப்பட்டிருந்தால், உங்கள் வழக்கு அந்த வரியிலேயே செத்துவிடும்.

தனியார் நிறுவனங்கள் நம்மிடம் கட்டணத்தைத் தமிழில்தான் கேட்கின்றன. விளம்பரம் தமிழில் வருகிறது, பொங்கல் வாழ்த்து தமிழில் வருகிறது. எக்ஸஸ் எவ்வளவு, எந்த நிலையில் கிளைம் தரமாட்டோம் என்பதும் தமிழில் வரட்டும். கேட்டால் தருவோம் என்பது போதாது. கேட்காமலே, முதல் நாளே, பத்திரத்தோடு கையில் கிடைக்கவேணும்.

எதிர்க்கேள்விகள்

"பின்னால இடிச்சவரில்தான் எப்பவும் பிழையா?" இல்லை. இதை நேர்மையாகச் சொல்லவேணும். அறுவடைக் காலத்தில் இரவு எட்டு மணிக்கு, பின் லைட்டும் இல்லாமல் ஒளிதெறிப்புத் தகடும் இல்லாமல் வீதி நடுவில் நிற்கிற ட்ரக்டர் பெட்டியில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் போய் மோதினால், பெட்டிக்காரரிலும் பிழை உண்டு. காப்பெட் வீதியில் பாதியை மறித்து நெல் காயப்போட்டுவிட்டுக் கல்லும் தடியும் வைப்பவரிலும் பிழை உண்டு. பிரேக் லைட் எரியாமல் ஓடுகிறவரிலும், பார்க்காமல் ரிவேர்ஸ் எடுக்கிறவரிலும் உண்டு. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இதற்கென்றே இருக்கிறது. இரண்டு பக்கமும் பிழை இருந்தால் பிழையின் அளவுக்கு நட்டஈட்டைப் பங்கிடலாம். ஆகவே "பின்னால இடிச்சவர் பொறுப்பு" என்பது தொடக்கப் புள்ளி. அது பிழை என்றால் நிரூபிக்கிற வேலை பின்னால் வந்தவருடையது. இன்றைக்கு நடப்பது தலைகீழ்: முன்னால் போனவர் தன் அப்பாவித்தனத்தை நிரூபித்துக்கொண்டு அலைகிறார்.

"இதெல்லாம் செய்தா எல்லாருக்கும் கட்டணம் கூடுமே?" இடிக்கிறவருக்குக் கூடட்டும். காப்புறுதிக் கட்டணம் ஆபத்தின் விலை என்று அவர்களே சொல்கிறார்கள். இடைவெளி விடாமல் ஓடுகிறவரின் ஆபத்தை, ஒழுங்காக ஓடுகிறவரின் போனஸை வெட்டி ஈடு செய்வது எந்த வகைக் கணக்கு?

"கள்ளக் கிளைம் கூடுமே?" கூடலாம். அதற்கு மருந்து, படமும் எழுத்தும் சாட்சியும் உள்ள ஒழுங்கான பதிவு. இன்றைய வாய்ப்பேச்சு முறையில்தான் கள்ளனுக்கு வசதி.

பிரான்சில் இருக்கிற சொந்தத்தைக் கேளுங்கள்

நம்ம பக்கத்தில் பல வீடுகளில் ஒருவர் பிரான்சிலோ சுவிசிலோ இருப்பார். அவரிடம் 'கொன்ஸ்ரா' என்றால் என்ன என்று கேளுங்கள். ஐரோப்பாவில் கார் வைத்திருப்பவர்கள் காருக்குள் வைத்திருக்கிற ஒரு விபத்துப் படிவம் அது. விபத்து நடந்ததும் இரண்டு சாரதிகளும் அந்த இடத்திலேயே ஒரே படிவத்தை நிரப்பிக் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொள்வார்கள். நடுவில் என்ன நடந்தது என்று புள்ளடி போட வரிசையாகக் கட்டங்கள். 'ஒரே திசையில், ஒரே நிரையில் போகும்போது மற்ற வாகனத்தின் பின்பக்கத்தில் இடித்தேன்' என்பதற்குத் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. கீழே வரைபடம் கீற இடம். கையொப்பம் வைப்பது பிழையை ஒப்புக்கொள்வதாகாது, நடந்ததைப் பதிவது மட்டும் என்பதால் ஆட்கள் பயப்படாமல் நிரப்புகிறார்கள்.

இதில் நம்மைத் தொட்டது ஒன்று உண்டு. அந்தப் படிவம் எந்த மொழியில் அச்சிட்டாலும் கட்டங்களின் ஒழுங்கும் இலக்கமும் ஒன்றுதான். ஜெர்மன்காரர் தன் மொழியில் வாசிக்கலாம், பிரெஞ்சுக்காரர் தன் மொழியில் வாசிக்கலாம், எட்டாம் கட்டம் இருவருக்கும் எட்டாம் கட்டம்தான். அனுராதபுரத்திலிருந்து வருகிற சிங்களச் சாரதியும் நானாட்டான் ஓட்டோக்காரரும் முருங்கனில் சந்திக்கும் நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தாள் வேறு எது? இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. ஒரு தாளும் இரண்டு மொழியும் போதும்.

எங்கள் கோரிக்கைகள் நாலு. ஒன்று, தமிழும் சிங்களமும் ஒரே ஒழுங்கில் அமைந்த விபத்துப் படிவம் ஒவ்வொரு காப்புறுதிப் பத்திரத்தோடும் இலவசமாகத் தரப்படவேணும். இரண்டு, பின்னால் இடிபட்டவரின் நோ கிளைம் போனஸில் கைவைக்கக் கூடாது. மூன்று, இடி வாங்கினவர் இடித்தவரின் நிறுவனத்தில் நேரே கோரிக்கை வைக்கவும், குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் பெறவும் வழி வேணும். நாலு, பத்திரத்தின் முக்கிய நிபந்தனைகள் தமிழில் முதல் நாளே கிடைக்கவேணும். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிற காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பார்க்கவேண்டிய வேலைகள் இவை.

அதுவரைக்கும்

சட்டம் மாறும்வரை வீதி காத்திருக்காது. ஆகவே இதைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் வாகனம் ஓடுகிறவருக்கும் அனுப்புங்கள்.

முதலில் ஆட்களைப் பாருங்கள். காயம் இருந்தால் 1990 அம்புலன்ஸ், பொலிசுக்கு 119. வாகனத்தை அசைப்பதற்கு முன் படம் எடுங்கள்: இரண்டு இலக்கத் தகடும் தெரிய ஒன்று, இரண்டு வாகனமும் வீதியில் நிற்கிற நிலை தெரிய ஒன்று, பிரேக் அடித்த தடம், சேதம் கிட்டவாக. மற்றவரின் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதித் தாளையும் படம் எடுங்கள். விபத்து நடந்தால் நிற்பதும் விபரம் கொடுப்பதும் சாரதியின் சட்டக் கடமை, நீங்கள் கேட்பது பிச்சை இல்லை. கண்டவர் ஒருவரின் ஃபோன் இலக்கத்தை வாங்குங்கள். உங்கள் நிறுவனத்துக்கு அந்த இடத்திலிருந்தே அறிவியுங்கள். பிந்தினால் அதையே காரணம் காட்டுவார்கள். பொலிஸில் பதியுங்கள், பதிவு இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். காசு வாங்கி முடிக்கவேண்டிய நிலை வந்தால், கராஜில் பார்த்த பிறகு, எழுத்தில், எதற்கான காசு என்று குறிப்பிட்டு வாங்குங்கள். கழுத்து நோ இருந்தால் வைத்தியசாலையில் காட்டித் துண்டை வைத்திருங்கள். ஓட்டோ என்றால் ஓடாத நாட்களின் கணக்கை ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

நிறுவனம் மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன மறுப்பை எதிர்த்து ஒரு இடத்துக்கும் போக ஏலாது. எழுத்து கையில் இருந்தால், 2005இலிருந்து இயங்குகிற காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் உங்கள் பத்திரத்தைப் பற்றிய முறைப்பாட்டைக் கொண்டுபோகலாம்.

ட்ரக்டர் வைத்திருக்கிற நண்பர்களுக்கும் ஒன்று. பெட்டிக்குப் பின்னால் ஒரு சிவப்பு ஒளிதெறிப்புத் தகடு ஒட்ட ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு போதும். நாங்கள் கேட்கிற நியாயம் நம்ம பெட்டிக்குப் பின்னால் வருகிறவருக்கும் சேர்த்துத்தான்.

இந்த நாட்டில் வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் வீதியில் சாகிறார்கள். அதற்குப் பக்கத்தில் நசுங்கின பம்பர் சின்ன விசயமாகத் தெரியும். ஆனால் இடிக்கிறவருக்கு ஒரு செலவும் இல்லாத ஊரில் இடைவெளி விட ஒருவரும் பழகமாட்டார்கள். 5,000 ரூபாவோடு முடிந்துபோன இடிகளைப் பார்த்துத்தான் அடுத்த டிப்பர் இன்னும் கொஞ்சம் கிட்ட ஒட்டிக்கொண்டு வருகிறது. அடுத்த முறை யாராவது "பாவம், விடு தம்பி" என்றால், பாவம் யார் என்று திருப்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, இடித்தவரின் காப்புறுதித் தாளைக் காட்டச் சொல்லுங்கள்.